தொட்டால்தான் புள்ளி

'விளையாட்டில் சாதியைக் கொண்டுவராதீர்கள்' என்று நமக்கு ஓயாமல் அறிவுரை சொல்கிறார்கள். கொண்டுவந்தது யார்?

2021 டோக்கியோ ஒலிம்பிக் ஹாக்கியில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்தார் வந்தனா கட்டாரியா. ஒலிம்பிக்கில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த முதல் இந்தியப் பெண் அவர். சில நாள்களில் அரையிறுதியில் அணி அர்ஜென்டினாவிடம் தோற்றது. உடனே ஹரித்துவார் அருகே அவர் வீட்டு வாசலில் பட்டாசு வெடித்து, சாதியைச் சொல்லித் திட்டினார்கள்.

வென்றால் விட்டுவிடுகிறார்களா? 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டத்தில், தேர்வெழுதப் பேருந்தில் சென்ற தலித் மாணவர் ஒருவரின் கைவிரல்கள் வெட்டப்பட்டன. கபடிப் போட்டியில் அவரது அணி வென்றதே காரணம் என்றனர் குடும்பத்தார். தோற்றால் வசை, வென்றால் அரிவாள்.

"உனக்கு ஏன்டா இந்த வம்பு, படிக்கிற வழியைப் பாரு" என்று வீட்டில் சொல்வது இதனால்தான். அந்தப் பயம் பொய்யல்ல. ஆனால் அதற்குப் பணிந்து களத்தை விட்டு விலகினால் நாம் இழப்பது கொஞ்சமல்ல.

கபடியில் தொட்டால்தான் புள்ளி. தொடக்கூடாது என்று ஊர் ஒதுக்கிய உடலைக் கட்டிப்பிடித்து மடக்காமல் யாரும் அந்த ஆட்டத்தில் வெல்ல முடியாது. சாதி அஞ்சுவது இந்தச் சமத்துவத்தைக் கண்டுதான். களம் வாழ்க்கையையும் மாற்றுகிறது. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. நகரத்திலிருந்து விரட்டப்பட்ட மக்களைக் குடியமர்த்திய கண்ணகி நகரிலிருந்து கிளம்பிய கார்த்திகா, 2025 ஆசிய இளையோர் போட்டியில் கபடியில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடினார்.

ஆனால் திறமை மட்டுமே சாதியை வென்றுவிடும் என்று நம்பினால் ஏமாந்துபோவோம். நூறாண்டுக்கு முன் பல்வங்கர் பாலுவின் பந்துவீச்சு இந்து அணிக்கு வேண்டியிருந்தது. தேநீரோ அவருக்கு வெளியே, தனி மண்குவளையில். அணித்தலைவர் பதவி அவருக்குக் கடைசிவரை தரப்படவில்லை. 1920இல் அவருடைய தம்பிகள் அணியை விட்டு வெளியேறி எதிர்ப்புக் காட்டினார்கள். 1923இல் தம்பி விட்டல் தலைவரானார். பாலு எடுத்த விக்கெட்டுகளால் மட்டும் அந்தக் கதவு திறக்கவில்லை. சகோதரர்கள் சேர்ந்து எதிர்த்ததும் அதற்கு வேண்டியிருந்தது.

ஆகவே நம் கேள்வி, போட்டிக்குப் போகலாமா வேண்டாமா என்பதல்ல. போட்டியை யார், எப்படி நடத்துகிறார்கள் என்பதுதான். சாதியைக் காட்டும் உடை, பதாகை கூடாது என்ற நிபந்தனையோடுதான் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை கபடிப் போட்டிகளுக்கு அனுமதி தந்திருக்கிறது. திருவிழாக் களத்தில் அதை யார் பார்க்கிறார்கள்? நிபந்தனை மீறினால் ஆட்டத்தை நிறுத்தும் பொறுப்பு காவல்துறைக்கு உண்டு. தோற்ற அணி மிரட்டினால், 'பசங்க சண்டை' என்று பேசி அனுப்பாமல் அன்றைக்கே வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிய வேண்டும். வெட்டு விழுந்த பிறகு பதியும் வழக்கு வெட்டுப்பட்ட விரல்களைத் திருப்பித் தராது.

இளைஞர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஊருக்கு ஓர் அணி, சேரிக்கு ஓர் அணி என்ற வழக்கத்தை உடையுங்கள். இரு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே அணியில் இறங்கட்டும். சாதி கடந்து சேர்ந்து ஆடிய தோழன் மேல் கை வைக்க வருகிறவனை, அந்த அணி முழுவதும் எதிர்த்து நிற்கட்டும்.