அரிவாள் போதும், ஒரு ரயில் பெட்டி கொடுங்க சாமி!

ரயிலுக்குள் படம் எடுக்கணும்னா கோடிக்கணக்கில் பணம் வேணும், ஹெலிகாப்டர் ஷாட் வேணும், கிராபிக்ஸ் வேணும். கோடம்பாக்கத்தில் காலங்காலமாக அடிக்கப்படும் ஜல்லி இது. வடசென்னையைப் படம் பிடிக்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இதை நம்பி, தண்டவாளத்தைத் தாண்டி நேராகச் சந்துக்குள் போய் அரிவாளைத் தேடுகிறார்கள். தண்டவாளத்துக்கு என்ன வேலை? ஹீரோ மூச்சிரைக்க ஓடும்போது பின்னால் ஒரு மின்சார ரயில் கிராஸ் பண்ணும். ஆளைப் போட்ட பிறகு பிணத்தை வீச இடம் கொடுக்கும். அவ்வளவுதான்.

இதற்குப் பெயர் பணப் பிரச்சினை இல்லை, சோம்பேறித்தனம். சாட்சிக்கு இங்கிலாந்து வரை போக வேண்டும், பரவாயில்லையா?

1927-ல் அங்கே ஒரு சட்டம் போட்டார்கள். தியேட்டர்காரர்கள் ஆண்டுதோறும் இவ்வளவு சதவீதம் உள்நாட்டுப் படம் ஓட்டியே தீரவேண்டும் என்று. கணக்குக் காட்டுவதற்காக மளமளவென்று மலிவுப் படங்கள் தயாராயின. 'அடிக்கு ஒரு பவுண்ட்' என்று துணிக்கடை மாதிரி ஃபிலிமை அளந்து செலவு செய்த காலம். முக்கால்வாசி மொக்கை. ஆனால் அந்தக் குப்பைக்கு நடுவில்தான் 1935-ல் பெர்னார்ட் வோர்ஹாஸ் 'தி லாஸ்ட் ஜர்னி' எடுத்தார். ரிட்டயர் ஆகப் போகும் ரயில் டிரைவர், மனைவி மேல் சந்தேகம், வெறிபிடித்த வேகம். படம் முழுக்க ஒரே ஒரு ரயில் பயணம். மூன்று வருஷம் கழித்து ஹிட்ச்காக் 'தி லேடி வேனிஷஸ்' எடுத்தபோது ஸ்டுடியோ செட்டில் இருந்தது ஒரே ஒரு பெட்டி. ஜன்னலுக்கு வெளியே தெரிவதெல்லாம் பின்திரையும் பொம்மை ரயிலும்தான்.

இந்த வகையில் பலரும் தவறவிட்ட படம் 1957-ல் வந்த 'தி ஃப்ளையிங் ஸ்காட்'. காம்ப்டன் பென்னெட் இயக்கம். 70 நிமிஷம்கூட இல்லை. ஸ்காட்லாந்திலிருந்து லண்டன் போகும் இரவு ரயிலில் பணமூட்டைகளைக் கொள்ளையடிக்க ஒரு கும்பல் ஏறுகிறது. ஆரம்பத்தில் ஏறக்குறைய வசனமே இல்லாமல் கொள்ளை வெண்ணெயில் கத்தி மாதிரி நடந்து முடிகிறது. என்னடா இது, படம் முடிஞ்சுதா என்று நிமிர்ந்தால், அது தலைவன் விவரித்த திட்டமாம்! நிஜக் கொள்ளை இனிமேல்தான். நிஜத்தில் எதுவும் திட்டப்படி நடப்பதில்லை. கும்பலில் ஒருத்தனுக்கு வயிற்றுப்புண் வேறு, கொள்ளைக்கு நடுவில் சுருண்டு விழுகிறான். இதற்கு எத்தனை ஹெலிகாப்டர் தேவைப்பட்டிருக்கும்? பெட்டி, நடைவழி, நாலு நடிகர்கள். கூட ஒரு யோசனை. அந்த யோசனைதான் இங்கே கிடைக்காத சரக்கு.

கதை இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 2016 ஆகஸ்ட் 8 இரவு சேலத்திலிருந்து எழும்பூர் கிளம்பிய ரயிலில், ரிசர்வ் வங்கிக்குப் போகும் பழைய நோட்டுகள் 342 கோடி ரூபாய்க்கு இருந்தன. காவலுக்குப் போலீஸாரும் அதே ரயிலில்தான். விடிந்து பார்த்தால் பார்சல் பெட்டியின் கூரையில் ஆள் இறங்கும் அளவுக்கு ஓட்டை, 5.78 கோடி காணோம். இங்கிலாந்தின் புகழ்பெற்ற ரயில் கொள்ளை நடந்ததும் இதே ஆகஸ்ட் 8, 1963-ல். இன்னும் கேளுங்கள். சரியாக மூன்று மாதம் கழித்து, நவம்பர் 8-ல், 500 ரூபாயும் 1000 ரூபாயும் செல்லாது என்று அறிவிப்பு! 2018-ல் மத்தியப் பிரதேசக் கும்பல் ஒன்றை சி.பி.சி.ஐ.டி. பிடித்தபோது, பணத்தில் பெரும்பகுதியை அவர்களால் மாற்றவே முடியவில்லை என்று தெரிந்தது. எந்தத் திரைக்கதை ஆசிரியருக்கு இப்படி ஒரு இடைவேளை 'பிளாக்' தோன்றும்? அந்த நோட்டுகள் போய்ச் சேர வேண்டிய ராஜாஜி சாலை ரிசர்வ் வங்கி, கடற்கரை ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரம்.

கொள்ளை நடந்த அடுத்த மாதமே 'தொடரி' வந்தது. ரயில் முழுக்க தனுஷ், ரயில் கூரையில் டூயட், கடைசியில் கிராபிக்ஸ். அந்தக் கூரையில் ஓட்டை போட்ட கதையை அதே ருசியோடு சொன்ன, பேர் சொல்லும்படியான ஒரு தமிழ்ப்படம் இன்னும் வந்தபாடில்லை. 1968-லேயே ஜெய்சங்கர் 'நீலகிரி எக்ஸ்பிரஸ்' ஏறிவிட்டார் என்பதுதான் வேடிக்கை. மலையாளத்து 'கொச்சின் எக்ஸ்பிரஸ்' படத்தின் தழுவல்தான், இருக்கட்டுமே. வாரம் ஒரு படம் என்று கிண்டலடிக்கப்பட்ட மனுஷனுக்கு இருந்த தைரியம் இன்றைக்கு எங்கே போச்சு?

இப்போது கடற்கரையிலிருந்து கும்மிடிப்பூண்டி வண்டியைப் பாருங்கள். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். 'ஃப்ளையிங் ஸ்காட்' பாதி வழியைத் தாண்டி எங்கோ முடிந்துவிடும். ராயபுரம், 1856-ல் திறந்த தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம். வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர். தீப்பெட்டிக் கம்பெனி பேரைச் சுமக்கும் விம்கோ நகர். கத்திவாக்கம், எண்ணூர், பிறகு அனல்மின் நிலையத்து அத்திப்பட்டு. காசிமேட்டில் மீன் எடுத்துக்கொண்டு கூடையோடு ஏறும் அம்மாக்கள், நைட் ஷிப்ட் முடிந்து நின்றுகொண்டே தூங்கும் கான்ட்ராக்ட் தொழிலாளிகள், பெட்டியில் தாளம் போடும் கானா பசங்க. இந்த வண்டியைப் பற்றிப் பேப்பரில் வருவது என்ன? 'ரூட்டு தல' தகராறு, பட்டாக்கத்தி. அந்தப் பெட்டியில் இருக்கும் மற்ற இருநூறு பேரைப் பேப்பரும் பார்ப்பதில்லை, சினிமாவும் பார்ப்பதில்லை. வடசென்னைப் பையன் வேலைக்கு இன்டர்வியூ போனால் ஏரியா பேரைக் கேட்டதும் புருவம் உயர்வது எங்கிருந்து வந்த பழக்கம் என்று நினைக்கிறீர்கள்?

"வெள்ளைக்காரன் ரயிலில் கதவு போட்ட தனி அறைகள் இருக்கும், ரகசியம் இருக்கும். நம்ம மின்சார ரயில் திறந்த கொட்டகை, அதில் என்ன சஸ்பென்ஸ்?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. ஆனால் தினமும் ஒரே சீட்டில் உட்கார்ந்து ஒருத்தர் முகம் ஒருத்தருக்கு மனப்பாடமான கூட்டத்தில் ஒரு புது முகம் ஏறினால் என்ன ஆகும்? "இன்னாப்பா, புச்சா கீற... எங்க எறங்கணும்?" என்று மீன்கார அம்மா கேட்கும் ஒரு கேள்வியில் இருக்கிற பயம், பூட்டிய கதவில் இல்லை.

ரயில்வே அனுமதி, அதற்குக் கட்டவேண்டிய காசு எல்லாம் நிஜமான தலைவலிதான், மறுக்க முடியாது. அதற்குத்தான் செட். ரஞ்சித்துக்கு 'மெட்ராஸ்' எடுக்க ஒரு சுவர் போதுமானதாக இருந்ததே! பெட்டி அதைவிடப் பெரிசு.

ஈ.சி.ஆர். ரிசார்ட்டில் ரூம் போட்டு ஸ்டோரி டிஸ்கஷன் நடத்துகிற காசில், பத்து உதவி இயக்குநர்களுக்குக் கும்மிடிப்பூண்டி வரை சீசன் டிக்கெட் எடுத்துக் கொடுக்கலாம். செகண்ட் கிளாஸே போதும்.