தையலுக்குப் பின் வரும் ஆறு மாதம்

பெர்த் நகரின் ஆர்த்தோசெல் நிறுவனம் பன்றிக் கொலாஜனில் செய்யும் ‘ரெம்ப்ளிர்’ நரம்பு உறைக்கு அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2025 ஏப்ரலில் 510(கே) அனுமதி தந்தது. இனி எல்லா நரம்புத் தையலுக்கும் உறை போட வேண்டுமா?

வேண்டியதில்லை என்பதே இந்த இதழின் நிலைப்பாடு. கண்ணாடி வெட்டி அறுந்த மீடியன் நரம்பின் முனைகள் இழுவையின்றிச் சேர்ந்து, சுற்றியுள்ள திசுவும் நன்றாக இருந்தால் 9-0 நைலானில் ஒழுங்கான எபிநியூரல் தையல் போதும். தழும்பில் புதைந்த நரம்பை மறுபடி விடுவிக்கும்போதும், உலோகத் தகட்டின் மேலோ நசுங்கிய தசையின் மேலோ தையல் கிடக்கும்போதும் உறைக்கு இடமுண்டு.

510(கே) கேட்பது, சந்தையில் ஏற்கெனவே உள்ள ஒன்றுக்கு இது இணையா என்பதைத்தான். இந்த வகைக்கான 882.5275 பிரிவை எஃப்.டி.ஏ. 1979இல் எழுதியபோது வரையறையில் இருந்தது சிலிகான் ரப்பர் உறை. கொலாஜன் உறைகளும் இன்று அதே பிரிவில்தான் வருகின்றன. நரம்பை இறுக்கிய சிலிகான் குழாயை எடுக்க மறுபடி கையைத் திறக்க நேர்ந்த வரலாறு நம் துறைக்குப் புதிதல்ல.

இழுவையின் கதை வேறு. நரம்பு 8 சதவீதம் நீண்டாலே சிரை ஓட்டம் தளர்கிறது, 15 சதவீதத்தில் ரத்த ஓட்டமே நின்றுவிடுகிறது என்று லுண்ட்போர்க்கும் ரீடெவிக்கும் 1973இல் முயலின் நரம்பில் காட்டினார்கள். அந்த இழுவையைக் கொலாஜன் தடுக்காது. முன்கையின் பின்புறம் கட்டி, மூன்று வாரம் மணிக்கட்டை லேசாக மடக்கி வைக்கும் ஸ்பிளின்ட்தான் தடுக்கும். பத்தாம் நாள் குளிக்கக் கழற்றியவர், வலிதான் இல்லையே என்று அப்படியே தறிக்குப் போய்விடுகிறார். அவரைக் கூப்பிட்டு விசாரிக்க ஆளில்லை. ஆக்சான் நாளுக்கு 1 மி.மீ. வளர்ந்தால் மணிக்கட்டிலிருந்து விரல்நுனிக்கு 18 செ.மீ. போக ஆறு மாதம் ஆகும். அதற்குள் உணர்ச்சியில்லாத ஆள்காட்டி விரல் தோசைக்கல்லில் பட்டுக் கொப்பளித்த பிறகே பலர் திரும்பி வருகிறார்கள்.

இந்தியாவில் இத்தகைய உறையை இறக்குமதி செய்ய, 2017ஆம் ஆண்டு மருத்துவச் சாதன விதிகளின்படி உரிமம் வேண்டும். கோப்புகள், சோதனைச் சான்றுகள், கட்டணம் எல்லாம் உண்டு. அதே கையைக் காக்கும் கைச் சிகிச்சையாளருக்கு மட்டும் பணியிடம் கேட்டால் பதிலே வருவதில்லை. நம் மருத்துவமனைகள் பலவற்றில் நரம்பு தைத்தவரை மூன்றாம் மாதம் அழைத்துப் பார்க்க ஒரு பதிவேடுகூட இல்லை. இத்தனை ஆண்டுகளாக இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. பெட்டியில் வரும் பொருளுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியையாவது தைத்த கைக்குக் கொடுக்க அதிகாரிகளுக்கு என்ன தடை?

அடுத்த இதழிலிருந்து, உறை பற்றிய நோயர் குறிப்புகளில் ஸ்பிளின்ட் போட்டிருந்த நாட்கள், சிகிச்சையாளரிடம் வந்த தடவைகள், பன்னிரண்டாம் மாத இருபுள்ளிச் சோதனை முடிவு ஆகிய மூன்றும் இருந்தால் மட்டுமே அவை பரிசீலிக்கப்படும்.