ஒரு பக்கம் சாயாதீர்!

போடிநாயக்கனூர்க்காரனுக்கு மலையைத் தெரியும், மழையைத் தெரியும். கடலைப் பற்றிக் கேட்டால் சற்று விழிப்பான். ஆயினும் எங்கள் ஊரில் விலை பேசப்படும் உயர்ந்த ரக ஏலக்காய்க்கு ஒரு கடற்கரைப் பட்டணத்தின் பெயர்தான் வாய்த்திருக்கிறது. "ஆலப்பி கிரீன்" என்று அதைச் சொல்கிறார்கள்.

"விளைவது மலையில், விற்பது போடியில், பெயர் மட்டும் ஆலப்புழைக்கா? அந்த ஊரை ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் வருவோமே!" என்றார் ஏலக்காய் மண்டி வைத்திருக்கும் நண்பர். நாங்கள் ஆறு பேர் கிளம்பிவிட்டோம். கம்பம், குமுளி வழியாக மலையேறி, கோட்டயம் இறங்கி, ஆலப்புழை போய்ச் சேர்ந்தோம்.

திருவிதாங்கூர் அரசாங்கம் ஏலக்காயைத் தன் ஏகபோகமாக வைத்திருந்த காலத்தில் மலைச் சரக்கு இங்கேதான் வந்து குவிந்தது. அந்தப் பெருமைக்கு இன்று சாட்சி சொல்பவை இரண்டு: 1862-ஆம் ஆண்டில் எழுந்த கலங்கரை விளக்கம் ஒன்று, கடலுக்குள் துருப்பிடித்து நிற்கும் பழைய பாலத்தின் இரும்புத் தூண்கள் மற்றொன்று. கொச்சியில் ஆழமான துறைமுகம் ஏற்பட்டபின் கப்பல்கள் அங்கே போய்விட்டன. பெயர் மட்டும் ஏலக்காயோடு ஒட்டிக்கொண்டது.

மறுநாள் காலை, கொல்லம் என்ற மற்றொரு பழைய துறைமுகப் பட்டணத்துக்கு மோட்டார் படகில் புறப்பட்டோம். கடலை ஒட்டினாற்போலவே செல்லும் காயல் வழி அது. ஏறக்குறைய ஒரு பகற்பொழுதுப் பிரயாணம். இரு கரையிலும் தென்னை, வாசற்படியிலேயே தோணி கட்டிய வீடுகள், சீன வலைகள். மண்டிக்காரர் வீட்டிலிருந்து கொண்டுவந்த புளியோதரை முடிந்ததும், வாத்தியார் நண்பர் பாடத் தொடங்கினார். அதையும் பொறுத்துக்கொண்டோம்.

திடீரென்று, "சுண்டன் வள்ளம்!" என்று யாரோ கூவினார்கள். பாம்புபோல் நீண்ட பந்தயப் படகு ஒன்று சற்றுத் தொலைவில் போய்க்கொண்டிருந்தது. மேல்தட்டில் இருந்த அத்தனை பேரும் இடப்பக்கக் கம்பியண்டை ஓடினோம். படகு மெதுவாகச் சாய்ந்தது. அதே கணத்தில் என்ஜின் சத்தம் அடங்கியது.

படகோட்டி கோபிக்கவில்லை. "எல்லாரும் அவரவர் இடத்தில் இருக்கணும். அப்புறம்தான் போவேன்" என்றார். ஒருவருக்கொருவர் முகம் பார்க்காமல் திரும்பி வந்து உட்கார்ந்தோம்.

சிறிது நேரம் கழித்து அவரே கரையைக் காட்டினார். பல்லனை என்ற இடம் அது. 1924-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் தேதி இரவு, கொல்லத்திலிருந்து வந்த "ரிடீமர்" என்னும் படகு இங்கே கவிழ்ந்தது. அளவுக்கு மேல் ஜனங்களை ஏற்றியிருந்தது. அதில் மாண்டவர்களில் ஒருவர் மலையாளத்தின் மகாகவி குமாரன் ஆசான். அப்போது அவருக்கு வயது ஐம்பதுதான். "ரிடீமர்" என்றால் இரட்சகன் என்று அர்த்தம்!

எங்களுக்கு உடனே தேக்கடி நினைவு வந்தது. 2009-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் தேதி, போடிக்கு அடுத்த மலையிலுள்ள அந்த ஏரியில் "ஜலகன்னியகா" என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டார்கள். கரையில் மேய்ந்த காட்டு விலங்குகளைப் பார்க்கப் பலரும் ஒரே பக்கம் திரண்டார்கள் என்று அக்காலத்தில் பத்திரிகைகள் எழுதின. அவர்கள் செய்த குற்றம் என்ன? நாங்கள் சற்றுமுன் செய்ததுதான். அவர்களும் நம்மைப்போல் குடும்பத்தோடு உல்லாசமாகப் போனவர்களே.

நேயர்களே, இதில் பெரிய சாஸ்திரம் ஒன்றுமில்லை. மேல்தட்டில் ஆள் ஏற ஏறப் படகின் பாரமும் மேலே ஏறுகிறது. அப்போது பாரம் ஒரு பக்கம் நகர்ந்தால் தட்டு சாய்கிறது. சாய்ந்த தட்டில் நிற்பவர்கள் அதே பக்கம் சரிகிறார்கள். அதனால் இன்னும் சாய்கிறது. நீச்சல் தெரிந்தவனும் மூடிய அடித்தட்டில் அகப்பட்டுக்கொண்டால் என்ன செய்வான்?

அரசாங்கம் படகைச் சோதிக்க வேண்டியதுதான். அளவுக்கு மேல் ஏற்றுபவனைத் தண்டிக்க வேண்டியதும்தான். ஆனால், "இத்தனை பேருக்கு மேல் ஏற்றாதே" என்று சொல்லவும், மிதவைச் சட்டையைக் கேட்டு வாங்கிக் குழந்தைகளுக்கு மாட்டவும் நமக்கு வாயும் கையும் இல்லையா? இடமில்லை என்று ஒரு படகைப் போகவிட்டு அடுத்த படகுக்குக் காத்திருந்தால் அரைமணி நேரம் நஷ்டம். அவ்வளவுதான்.

கொல்லத்தில் இறங்கும்போது மண்டிக்காரர் படகோட்டியின் கையைப் பற்றிக்கொண்டார். "ஐயா, முப்பது வருஷமாய்த் தராசு பிடிக்கிறவன் நான். தட்டு சாய்ந்தால் சரக்கைத்தான் இழப்போம் என்று நினைத்திருந்தேன்" என்றார்.

ஊர் திரும்பும் வழியில் தேக்கடியிலும் படகேறினோம். காட்டெருமை கண்ணில் பட்டது. எங்களில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.