கதவு திறவாத இரண்டு மாதம்

2015-ம் வருஷம் ஸெப்டம்பர் 28-ந் தேதி நமது ஆஸ்ட்ரோஸாட் விண்கலம் ஆகாயம் ஏறிற்று. ஆயினும் அதிலுள்ள புற ஊதாத் தொலைநோக்கியின் கதவுகள் நவம்பர் 30-ந் தேதிதான் திறக்கப்பட்டன. இதைக் காலதாமதமென்று குறை கூறுவோர் விஷயம் அறியாதவரே. பசை, வர்ணம், பிளாஸ்டிக் முதலியன வெற்றிடத்தில் ஆவி கக்கும். அவற்றின் மூலக்கூறுகள் ஆடியிற் படிந்து, சூரிய கிரணம் பட்டால் இறுகிவிடும். கண்ணுக்குப் புலப்படாத அப்படலமே நக்ஷத்திரத்தின் புற ஊதா ஒளியை விழுங்கிவிடும். அங்கே துடைக்க ஆள் ஏது? ஆகவேதான் கலம் தன் ஆவியைக் கக்கித் தீரும்வரை காத்திருந்தார்கள். பெங்களூரை அடுத்த ஹொஸகோட்டேயில், தூசியற்ற அறையில் அக்கருவியைப் பூட்டியவர்களின் சிரத்தையும் இவ்வகையினதே. ராக்கெட்டின் முழக்கத்திற்குக் கைதட்டும் நாம் அவ்வறையை நினைப்பதில்லை. சிக்கனத்தின் பேரால் சர்க்கார் அச்செலவில் கை வைக்கலாகாது. அடுத்த ஆடி பெரிதாயின் அச்செலவும் பெரிதாகவே இருக்கும்.