சிரிக்காமல் கேளுங்கள்

பறக்கும் தட்டு என்றாலே நமக்குச் சிரிப்புதான். ஆனால் 2004 நவம்பரில், கலிபோர்னியாவுக்கு அப்பால் கடல்மேல் அமெரிக்கக் கடற்படை விமானி டேவிட் ஃப்ரேவர் பார்த்ததை அப்படித் தள்ளிவிட முடியாது. இறக்கையில்லாத, சுமார் 40 அடி நீள வெள்ளைப் பொருள். அவர் நெருங்கியதும் சட்டென்று மறைந்துவிட்டது. இரண்டு விமானங்களில் இருந்த நான்கு பேர் சாட்சி. 2023-ல் அமெரிக்க காங்கிரஸ் குழு முன் சத்தியம் செய்தும் அதையேதான் சொன்னார்.

உடனே வேற்றுக்கிரகவாசிகள் என்று குதிக்க வேண்டாம். விளக்கம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்! ஆனால் கப்பலுக்குத் திரும்பியவரைக் கேலி செய்தார்களே, அதுதான் ஆபத்து. கேலிக்குப் பயந்து அடுத்த விமானி வாயை மூடிக்கொண்டால், வந்தது எதிரியின் உளவு விமானமாகவே இருந்தாலும் யாருக்குத் தெரியும்? நம்ப வேண்டாம், கேட்டு, குறித்தாவது வைக்கலாமே?