கொல்லைக்கு ஒரு கத்தி

அரிவாள்மணையைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதினாலும் எழுதினேன், கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. அவற்றில் ஒன்று மணவாள நகரிலிருந்து. "காய் நறுக்குவது இருக்கட்டும், அக்கா. எங்கள் கொல்லையில் இரண்டு தென்னை, ஒரு முருங்கை, வேலியோரம் சீமைக் கருவேலம். இளநீர் வெட்டுவதிலிருந்து கிளை கழிப்பது வரை ஒரே கத்தியாக, வருஷக் கணக்கில் உழைப்பதாக, கையைக் கடிக்காத விலையில் எது வாங்கலாம்?" என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்.

விலை கையைக் கடித்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அம்மா. கத்தி கடித்தால்தான் கஷ்டம். இந்த விஷயத்தில் நான் சம்பளம் கட்டிப் பாடம் படித்தவள். அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் அடித்தது நினைவிருக்கிறதல்லவா? திருவள்ளூரில் எங்கள் தெரு வேப்பமரம் வேரோடு சாய்ந்து, இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடுவில் படுத்துக்கொண்டது. மின்சாரம் இல்லை, டெலிபோன் பேசவில்லை. எதிர் வீட்டில் தலைப் பிரசவத்துக்கு வந்திருந்த பெண்ணுக்குச் சாயங்காலத்திலிருந்தே வலி. தெரு முனையில் வண்டி நிற்கிறது. உள்ளே வர வழியில்லை.

என் அண்ணன் மகன் அப்போது எங்கள் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். "அத்தை, என்னிடம் காட்டுக் கத்தி இருக்கிறது!" என்று பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து வந்தான். கம்ப்யூட்டரில் படம் பார்த்து ஆயிரத்து நானூறு ரூபாய்க்கு வரவழைத்தது. கன்னங்கரேலென்று அலகு, முதுகில் ரம்பப் பல், பிடியின் மூடியில் திசை காட்டும் கருவி. வீட்டு வாசலில் திசை தெரியாமல் யார் தவித்தார்களோ தெரியவில்லை! வெட்டினான். இரண்டாவது வெட்டு, மூன்றாவது வெட்டு. நாலாவது வெட்டில் அவன் கையில் பிடி மட்டும்தான் இருந்தது. அலகு பறந்துபோய், அந்தப் பெண்ணின் தம்பி தலைக்கு ஒரு சாண் தள்ளிச் சுவரில் மோதி விழுந்தது. சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

தெருக்கோடியில் தென்னை ஏறும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் கத்தியுடன் வந்தார். பார்த்தால் அழகாயில்லை, சாயம் பூசாத இரும்பு, தேய்ந்த மரப்பிடி. அரை மணி நேரத்தில் கிளைகளைக் கழித்து, ஆள் தூக்கிச் செல்ல வழி பண்ணிவிட்டார். அந்தப் பெண்ணை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் ஏற்றினார்கள். குழந்தை சௌக்கியமாகப் பிறந்தது. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

மறுநாள் காலையில் அந்த உடைந்த கத்தியை நானும் என் வீட்டுக்காரரும் மேஜைமேல் வைத்துப் பார்த்தோம். பிடி உள்ளே வெறும் குழாய். அலகின் வால் கட்டைவிரல் நீளம்கூட இல்லை. அதை ஒரு மறையைப் போட்டு முடுக்கியிருந்தார்கள். ஓங்கி வெட்டும்போது அதிர்ச்சி முழுவதும் பிடியும் அலகும் சேரும் இடத்தில்தானே விழும்? அந்த இடத்தில்தான் அவர்கள் இரும்பை மிச்சம் பிடித்திருந்தார்கள்.

ஆகவே, கத்தி வாங்கும்போது முதலில் அலகைப் பார்க்காதீர்கள், பிடியைப் பாருங்கள். அலகின் இரும்பே வாலாக நீண்டு, பிடி முழுவதும் ஊடுருவிப் போய், அடியில் மடக்கியிருக்க வேண்டும். பிடியின் வாயில் இரும்புப் பூண் இறுகியிருக்க வேண்டும். அல்லது இரும்பு பிடியின் அகலத்துக்கே வந்து, இருபுறமும் மரப்பட்டை வைத்து ரிவிட் அடித்ததாக இருக்கலாம். இரண்டும் நல்லதுதான். மரப்பிடியில் எனக்குப் பிடித்த சங்கதி, தேய்ந்தால் பத்து நிமிஷத்தில் மாற்றிவிடலாம். முதுகில் ரம்பப் பல் வைத்த கத்தி வேண்டவே வேண்டாம். மரமும் அறுபடாது, தேங்காயில் கத்தியைப் பதித்துவிட்டு முதுகில் தட்டவும் முடியாது. போதாததற்கு, அந்தப் பல்லின் இடுக்கிலிருந்துதான் விரிசல் கிளம்பும்.

அடுத்தது இரும்பு. இதில்தான் பலபேர் ஏமாறுகிறோம்.

என் மைத்துனர் கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் வேலையாயிருக்கிறார். அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும்: பழைய இரும்பை உருக்கி வார்த்து, கட்டடத்துக்கு முறுக்குக் கம்பியாக உருட்டும் ஆலைகள் எத்தனையோ இருக்கின்றன. "அண்ணி, இரும்புக்கு எங்கேயோ ஏன் போக வேண்டும்? தடிமனான கம்பித் துண்டு ஒன்று விலைக்கு வாங்கித் தருகிறேன். அடித்துக் கத்தியாக்கிக் கொள்ளுங்கள்" என்றார். அப்படியே ஒரு துண்டை வாங்கிக்கொண்டு போய் நம் ஊர்ப் பட்டறை ஆசாரியிடம் நீட்டினேன். அவர் சிரித்த சிரிப்பு!

"அம்மா, இது வீடு கட்டுகிற இரும்பு. வளையத் தெரியும், வெட்டத் தெரியாது. பதம் ஏறாது" என்றார்.

விஷயம் இதுதான். இரும்பில் கலந்திருக்கும் கரிச் சத்துதான் கத்திக்கு உயிர். கட்டடக் கம்பியில் நூற்றுக்குக் கால் பங்கு, அதற்குச் சற்று முன்பின். லாரியின் அடியில் அடுக்கடுக்காக வளைந்திருக்கும் ஸ்பிரிங் பட்டையில் நூற்றுக்கு அரைப் பங்குக்கு மேல். வித்தியாசம் கேட்பதற்குச் சொற்பம். வெட்டும்போது மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். கம்பியின் மேல்தோலை ஆலையிலேயே தண்ணீர் பீச்சிக் கெட்டியாக்குகிறார்கள், வாஸ்தவம்தான். ஆனால் உலையில் வைத்துக் காய்ச்சியதும் அந்தக் கெட்டித்தனம் போய்விடும்.

பட்டை இரும்பைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி, வாய்ப்புறத்தை மட்டும் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்ப்பார்கள். வாய் கண்ணாடிபோல் இறுகிவிடும். அப்படியே விட்டால் தேங்காய் ஓட்டில் பட்டதும் தெறித்துவிடும். ஆகவே, முதுகில் மிச்சமிருக்கும் சூடு மெல்ல வாய்ப்பக்கம் இறங்கி வரும்படி விட்டுக் காத்திருப்பார் ஆசாரி. பளபளப்பாகத் தேய்த்த இடத்தில் வைக்கோல் நிறம் ஓடும். பிறகு தவிட்டு நிறம். அந்தக் கணத்தில் மறுபடியும் தண்ணீர். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிற நமக்கு இதை விளக்க வேண்டுமா? ஒரு நிமிஷம் முந்தினாலும் பிந்தினாலும் போச்சு. நாம் சொல்லும் 'பதம்' என்ற அதே வார்த்தையைத்தான் ஆசாரியும் சொல்கிறார்.

நெடுஞ்சாலை ஓரங்களில் ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் பக்கமிருந்து வரும் குடும்பங்கள் கூடாரம் போட்டு இரும்படிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கணவன் குறட்டில் இரும்பைப் பிடித்துத் திருப்ப, மனைவி சம்மட்டியை ஓங்கி அடிப்பாள். அவர்களும் பெரும்பாலும் பழைய வண்டிப் பட்டையில்தான் செய்கிறார்கள். விலையும் சகாயம். கண் முன்னே அடித்துத் தருவதால், எந்த இரும்பு என்று நாமே பார்த்துக்கொள்ளலாம். தெற்கத்திச் சொந்தம் உள்ளவர்கள் சிவகங்கைச் சீமைத் திருப்பாச்சேத்தி அரிவாளை மெச்சுவார்கள். அந்தப் பக்கம் போனால் வாங்குங்கள். கத்திக்காகப் பஸ் ஏற வேண்டாம்.

எவர்சில்வர் ஆகாதா என்று சிலர் கேட்பீர்கள். துருப் பிடிக்காது என்பது பெரிய சௌகரியம்தான். சமையலறைக்கு அதுவே போதும். ஆனால் மலிவான எவர்சில்வர் அலகு, நாலு கிளை வெட்டினால் வாய் மடங்கும். கொல்லை வேலைக்கு உதவாது.

கடையில் செய்ய வேண்டிய சோதனைகள் சில. பிடியைத் தளர்வாகப் பிடித்து, அலகை விரலால் சுண்டுங்கள். 'கணீர்' என்றால் சரி. உடைந்த மண்பானைபோல் சத்தம் வந்தால் எங்கேயோ விரிசல். கண்ணுக்கு நேரே தூக்கி, வாய் ஒரே கோடாகப் போகிறதா என்று பாருங்கள். கடைக்காரரிடம் அரம் கேட்டு, வாயோரம் ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். அரம் வழுக்கிக்கொண்டு போனால் பதம் ஏறியிருக்கிறது. சோப்பில் ஓடுவதுபோல் கடித்துக்கொண்டு போனால் வெறும் இரும்பு. முதுகு தடியாகவும், வாய்ப்பக்கம் போகப் போக மெலிந்தும் இருக்கட்டும்.

கனம்? இங்கேதான் ஆண்களின் பேச்சைக் கேட்கக் கூடாது. "கனமாயிருந்தால்தான் வெட்டும்" என்பார்கள். இருபது தடவை ஓங்கிய பிறகு மணிக்கட்டு சொல்வதே சரி. பெண்கள் கைக்கு அலகு ஓர் அடி, அதற்கு ஒரு விரல் குறைந்தாலும் பாதகமில்லை. மூக்கு சற்று முன்னால் வளைந்திருந்தால் கிளையை இழுத்து வெட்டச் சௌகரியம். தரையில் பட்டாலும் மூக்குதான் முதலில் படும், வாய் தப்பும். நான் அறுநூற்றைம்பது கொடுத்து வாங்கினேன். திசை காட்டும் கருவி இல்லை!

பணம் கொடுக்கும்போது ஆசாரி ஒரு நோட்டை எடுத்து என் பெயர், விலாசம், டெலிபோன் நம்பர் எல்லாம் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. பிறகு விசாரித்தால், 2021 செப்டம்பரில் போலீசார் பட்டறைகளுக்கெல்லாம் போய், வாங்குகிறவர் விவரத்தை எழுதி வைக்கச் சொன்னார்களாம். நியாயமான ஏற்பாடுதான், கேட்டால் கோபிக்காமல் சொல்லுங்கள். 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் விதிகளில், ஒன்பது அங்குலத்துக்கு மேற்பட்ட அலகை ஆயுதக் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் என்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. கொல்லைக் கத்தி கொல்லையில் இருக்கும் வரை கவலையில்லை. அதை எடுத்துக்கொண்டு ஊர்வலம் போனால் யார் நம்புவார்கள்?

பராமரிப்பு அதிகமில்லை. தென்னையும் வாழையும் வெட்டினால் சாறு இரும்பைக் கறுக்கச் செய்யும். கழுவி, துடைத்து, இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி, குழந்தைகளுக்கு எட்டாத ஆணியில் மாட்டுங்கள். மூலையில் சாத்தி வைப்பது என் மாமியார் காலத்து வழக்கம். அதனால் கால் விரலில் காயம் பட்டவர்கள் எங்கள் வீட்டிலேயே இரண்டு பேர்.

சாணை பிடிப்பவரிடம் கொடுக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். பொறி பறப்பதைக் குழந்தைகள் ரசிக்கலாம். நாம் வாய் நிறத்தைப் பார்க்க வேண்டும். நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம். அடிக்கடி தண்ணீரில் தோய்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். வீட்டிலேயே ஒரு கார்போரண்டம் கல் இருந்தால் இன்னும் நல்லது. 1954-இல் தொடங்கிய கம்பெனி திருவொற்றியூரில் தொழிற்சாலை வைத்துச் செய்த சரக்கு. நம் பக்கத்துப் பொருள்தான்.

நம் பக்கம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. பூண்டி நீர்த்தேக்கம் பார்க்கப் போனால் அங்குள்ள அருங்காட்சியகத்துக்குள்ளும் ஒரு நடை போய் வாருங்கள். அருகிலுள்ள அத்திரம்பாக்கத்தில் 1863-இல் புரூஸ் பூட் என்ற வெள்ளைக்காரர் கற்கோடரிகளைக் கண்டெடுத்தார். அங்கே மறுபடி தோண்டி ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட முடிவுப்படி, பழைய கருவிகளுக்கு வயது ஏறக்குறைய 15 லட்சம் வருஷம்! உள்ளங்கைக்கு அடங்கும் கல், ஒரு பக்கம் கூர், மறுபக்கம் பிடிக்க வாகாக உருண்டை. பிடி கழன்று பறக்கும் பேச்சே இல்லை.

மணவாள நகர் சகோதரிக்கு ஒரு வார்த்தை: அமாவாசையன்று கத்தி வாங்கப் புறப்படாதீர்கள். வீரராகவப் பெருமாளைச் சேவிக்க வரும் கூட்டத்தில் தேரடிப் பக்கம் நகரவே முடியாது. வேறொரு நாள் காலையில் போங்கள். உலை சூடாக இருக்கும், ஆசாரிக்குப் பேசவும் பொழுதிருக்கும். பழைய கோணிப் பை ஒன்றை மறக்காமல் எடுத்துப் போங்கள், சுற்றிக்கொண்டு வர.