முதுகு நிமிரும் வரை

வடசென்னையின் கத்திவாக்கம் பக்கத்து உழைப்பாளிக்கு 1948 முக்கியமான ஆண்டு. அசோக் மோட்டார்ஸ் அந்த ஆண்டில்தான் உருவானது. எண்ணூரில் ஆலை எழுந்தது. துறைமுகத் தொழிலாளர் சட்டமும் தொழிலாளர் காப்பீட்டுக்கான ஈஎஸ்ஐ சட்டமும் அதே ஆண்டில் வந்தவை. அன்றைய கவலையெல்லாம் சுமை பற்றியது. ஒரு ஆள் எவ்வளவு தூக்கலாம் என்று 1967-இல் ஜெனீவாவில் பன்னாட்டுத் தொழிலாளர் மாநாட்டில் பேசி, ஆணுக்கு 55 கிலோவே உச்சம் என்று பரிந்துரைத்தார்கள். அது தொடர்பான உடன்படிக்கையை இந்தியா ஏற்கவே 2010 ஆனது. அதற்கு முன்பே, 1983-இல், சென்னைத் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் முனையம் வந்து மூட்டைகளைப் பெட்டிக்குள் அடைத்துவிட்டது. முதுகுவலி மட்டும் ஒழியவில்லை. டிரெய்லர் ஓட்டுநரின் இருக்கைக்கு இடம் மாறிக்கொண்டது.

மருத்துவமும் சும்மா இருக்கவில்லை. விலகிய டிஸ்க் நரம்பை அழுத்துவதால் காலில் வலி இறங்குகிறது என்று 1934-இல் பாஸ்டனில் மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும் காட்டினார்கள். 1950-இல் சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கினார். சுமையைக் குறைக்கவும் முதுகைத் திறக்கவும் கற்றுக்கொண்டோம். திறந்து மூடிய பிறகு வரும் மாதங்களை மட்டும் வீட்டின் பொறுப்பில் விட்டுவிட்டோம்.

அந்த மாதங்கள் எப்படிப் போகும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். குனியாதே, பாரம் தூக்காதே, கொஞ்சம் கொஞ்சமாக நட என்று சொல்லி அனுப்புவார்கள். இங்கே வீடுகளில் பாதி வேலை தரையில். தண்ணீர் வந்தால் குடம் தூக்க ஆள் வேண்டும். கால்வலி விட்டாலும் இடுப்பு இறுக்கமும் மரத்துப்போன பாதமும் உடனே சரியாவதில்லை. அசைந்தால் உள்ளே ஏதாவது பிசகிவிடுமோ என்ற பயத்தில் படுத்தே கிடந்தால் தசை தளர்ந்து வலி கூடும், தூக்கம் போகும். “ஆபரேஷன்தான் முடிஞ்சிடுச்சே, இன்னுமா வலிக்குது?” என்று பார்க்க வந்தவர் கேட்பார். சம்பாதித்துப் போட்ட மனிதர் மனைவியின் கூலியில் சாப்பிடும்போது அந்தக் கேள்வி தையல் போட்ட இடத்தைவிட ஆழமாக இறங்கும்.

வலியும் மனச்சோர்வும் ஒன்றையொன்று வளர்ப்பவை. மூளையிலிருந்து இறங்கும் சமிக்ஞைகள் முதுகுத்தண்டிலேயே வலியைக் கூட்டவும் குறைக்கவும் முடியும் என்று ஆய்வாளர்கள் மெல்சாக்கும் வாலும் 1965-இலேயே விளக்கினார்கள். ஆகவே “எல்லாம் மனசுலதான்” என்று சொல்லி ஒருவரின் வலியைத் தள்ளிவிட முடியாது.

டாக்டர் மேரி வர்கீஸுக்கு நேர்ந்தது டிஸ்க் விலகலைவிடப் பன்மடங்கு கொடியது. 1954-இல் நடந்த வாகன விபத்தில் அவருடைய கால்கள் செயலிழந்தன. பிறகு வேலூர் சிஎம்சியில் சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966-இல் அங்கே மறுவாழ்வு மையம் உருவாகக் காரணமானார். அவர் கதையை மனஉறுதிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். எனக்கு அது பாதிக் கதையாகவே படுகிறது. உட்கார்ந்தபடி செய்யக்கூடிய வேலை ஒன்றை அவருக்காகத் தேடிக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். மீதிப் பாதி அது.

நம் தொழிலாளிக்கோ, ஈஎஸ்ஐயில் சாதாரண நோய்க்கு ஆண்டுக்கு 91 நாள், கூலியில் 70 விழுக்காடு கிடைக்கும். நீண்ட கால உதவிக்கான நோய்ப் பட்டியலில் டிஸ்க் விலகலும் உண்டு, மனச்சோர்வில் ஒரு வகையும் உண்டு. ஆனால் தனித்தனித் தலைப்புகளில். எண்ணூர் மீனவருக்கோ அந்தப் பட்டியலே கிடையாது. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்கே பிசியோதெரபியைக் கொண்டுவருகிறது. நல்ல ஏற்பாடு. அப்படி வருபவர் காலைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பதோடு, ராத்திரி தூக்கம் வருகிறதா, யாரிடமாவது பேசத் தோன்றுகிறதா என்றும் கேட்டுக் குறித்துக்கொள்ளும்படி அரசு செய்ய வேண்டும். அதுவரை, மனம் மிகவும் தளர்ந்தால் 14416 என்ற மனநல உதவி எண்ணை அழையுங்கள். தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.